இல்லத்து மேசையில் ஓர் ஓடுபாதை

தவறு செய்யாமற் கற்றவர் உலகில் இலர். எழுத்தைப் பிழைபட எழுதும் மாணவன் அதனை அழித்துவிட்டு மீண்டும் எழுதலாம். விமானம் ஓட்டக் கற்பவனுக்கோ அவ்வாய்ப்பு இல்லை. அவன் செய்யும் முதற் பிழையே இறுதிப் பிழையாகவும் முடியக்கூடும். எழுதியழிக்கும் பலகை ஒன்றை வானத்திற்கும் அமைத்துவிட முடியாதா என்னும் ஏக்கத்திலிருந்தே பாவனைப் பறப்பின் வரலாறு தொடங்குகிறது.

அமெரிக்க நாட்டின் பிங்காம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவர் வாழ்ந்தார். அவர்தம் தந்தையார் ஆர்கன் இசைக்கருவிகள் செய்யும் தொழிற்சாலையை நடத்தி வந்தார். இசைக்கருவிக்குக் காற்றூட்டும் துருத்திகளையே கொண்டு, தரையில் நின்றவாறே சாய்ந்தும் திரும்பியும் அசையும் சிறு விமானக் கூண்டு ஒன்றை அவர் 1929ஆம் ஆண்டில் உருவாக்கினார். தொடக்கத்தில் அதனை விளையாட்டுப் பொருளாகவே பலரும் கருதினர். 1934இல் வான்வழி அஞ்சலைச் சுமந்து சென்ற இராணுவ விமானிகள் பலர் தீய வானிலையில் மாண்டனர். அதன் பின்னரே அமெரிக்க இராணுவம் அக்கூண்டுகளுள் ஆறினை வாங்கியது. விளையாட்டென எண்ணியது உயிர்காக்கும் கல்வியாயிற்று.

எனினும், இத்தகைய பொறிகள் பல்லாண்டுகள் வரை படைத்துறைக்கும் விமான நிறுவனங்களுக்குமே எட்டுவனவாக இருந்தன. இந்நிலையை மாற்றியவர்களுள் தலையாயவர் புரூஸ் ஆர்ட்விக். இல்லினாய்ப் பல்கலைக்கழக மாணவரான அவர், 1975இல் பறக்கும் விமானத்திலிருந்து தெரியும் காட்சியைக் கணினியால் வரைவது குறித்துத் தம் முதுகலை ஆய்வேட்டை எழுதினார். பின்னர் சப்லாஜிக் என்னும் நிறுவனத்தின் வழி, 1980ஆம் ஆண்டளவில், ஆப்பிள் இரண்டு என்னும் வீட்டுக் கணினிக்கு ஒரு பறப்பு நிரலை வெளியிட்டார்.

அக்கணினியின் எளிமையை இன்றைய மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந்நிரலுக்குத் தேவைப்பட்ட நினைவகம் 16 கிலோபைட்டு. அஃதாவது 16,384 எழுத்துக்குறிகளுக்கான இடம். விமானம் சற்றே திரும்பினாலும் காட்சியிலுள்ள ஒவ்வொரு கோட்டின் முனையையும் புதிதாகக் கணித்தாக வேண்டும். அதற்குப் பெருக்கற் கணக்குகள் பல தேவை. ஆனால், அக்கணினியின் செயலிக்குப் பெருக்கல் என்னும் கட்டளையே இல்லை. கூட்டியும் இலக்கங்களை இடம்பெயர்த்தும் பெருக்கலைச் செய்வித்தனர். ஆதலால் ஒரு விநாடிக்குச் சில படங்களே திரையில் மாறின. ஆறுக்கு ஆறு எனக் கட்டமிட்ட நிலமும், கோடுகளால் ஆன மலைகளுமே அதன் உலகம். மரமில்லை, மேகமில்லை.

ஆயினும், அங்கே பறந்தவர்கள் எதைக் கற்றனர்? விமானம் கீழிறங்கும்போது அதன் மூக்கை மேலும் மேலும் உயர்த்தவே புதியவரின் கை விழையும். அளவுக்கு மீறி உயர்த்தினால் வேகம் குன்றும், இறக்கைகள் தாங்கும் ஆற்றலை இழக்கும், விமானம் விழும். விழுவதிலிருந்து மீள மூக்கைத் தாழ்த்த வேண்டும் என்னும் உண்மை உள்ளுணர்விற்கு மாறானது. நூலிற் படித்தால் மறந்துபோகும் இவ்வுண்மையை, பத்து முறை விழுந்தெழுந்தவர் மறவார். விழுந்தவுடன் திரையில் மீண்டும் ஓடுபாதை தோன்றும்; அழித்தெழுதும் பலகை கிட்டிவிட்டது!

1982இல் ஐபிஎம் கணினிக்கென இந்நிரலின் புதிய வடிவத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்டது. சிகாகோ நகரின் ஏரிக்கரையில் இருந்த மெய்க்ஸ் விமானத் தளத்தில் அப்பயணம் தொடங்கும். பிற நிறுவனங்கள் செய்த கணினி ஐபிஎம் கணினிக்கு ஒப்பானதா என்பதைச் சோதிக்கவும் இந்நிரலையே ஓட்டிப் பார்த்தனர். அடுத்த ஆண்டில் ஆப்பிள் கணினிக்கென வந்த இரண்டாம் வடிவத்துடன் பறத்தலின் இயற்பியலை விளக்கும் கையேடும் நிலப்படங்களும் இணைந்திருந்தன. விளையாட விரும்பியவர் முதலிற் படிக்க வேண்டியிருந்தது என்பது ஆசிரியர்க்கு இனிய செய்தியன்றோ?

இந்நிரல் மட்டுமே ஒருவரை விமானியாக்கிவிடாது. உடல் உணரும் அசைவையும், உயிருக்கு அஞ்சும் நெஞ்சின் துடிப்பையும் மேசைக் கணினி தர இயலாது. ஆயினும் அதன் வெற்றியில் நமக்கு ஒரு பாடம் உண்டு. நல்ல கற்பித்தற் கருவிக்கு அழகும் ஆடம்பரமும் இன்றியமையாதன அல்ல. கற்பவன் செய்யும் செயலுக்கு அது பொய்யாத விடையைத் தர வேண்டும். பிழைத்தவனைத் தண்டியாமல் மீண்டும் தொடங்கவிட வேண்டும். இவ்விரண்டும் அமைந்தமையாற்றான் சில கோடுகளே வானமாயின.

2003ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் நள்ளிரவில், சிகாகோ நகர மேயரின் ஆணைப்படி மெய்க்ஸ் தளத்தின் ஓடுபாதை இயந்திரங்களால் குடைந்து சிதைக்கப்பட்டது. அவ்விடம் பின்னர்ப் பூங்காவாயிற்று. பழைய வட்டுகளிலோ அவ்வோடுபாதை இன்றும் சிதையாமல் இருக்கிறது. விழுந்தவர் எழுந்து மீண்டும் புறப்படக் காத்திருக்கிறது.