கார் யந்திரம் பூட்டிய விமானங்களில் விசை செலுத்தும் உறுப்புகளின் முறிவு

மோட்டார்க் காருக்கென வார்த்தெடுத்த யந்திரத்தை வாங்கி, வீட்டுக் கொட்டகையில் தம் கையாலேயே கட்டிய சிறு விமானத்தில் பூட்டிப் பறக்கும் வழக்கம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நெடுங்காலமாக இருந்துவருகிறது. விமானத்துக்கென்றே செய்யப்படும் யந்திரத்தின் விலை சாமானியருக்கு எட்டாததாக இருப்பதும், பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடைகளில் நல்ல யந்திரங்கள் சொற்ப விலைக்குக் கிடைப்பதும் இதற்கு முக்கியமான காரணங்கள். இவ்வாறு பூட்டிய யந்திரம் நடுவானில் நின்றுபோவதற்கு எரிபொருள் தடைபடுதல், மின்பொறி தவறுதல், குளிர்நீர் கசிதல் எனப் பல காரணங்கள் உண்டெனினும், அவற்றையெல்லாம் கவனமுள்ள ஒருவர் தரையிலேயே கண்டு திருத்திவிடக் கூடும். யந்திரத்தில் பிறக்கும் விசையைப் புரொபெல்லருக்குக் கொண்டுசேர்க்கும் கிராங்க் தண்டு, பல்சக்கரம், பெல்ட், இணைப்பு, பேரிங் ஆகியவற்றின் முறிவோ உள்ளுக்குள்ளேயே வளர்ந்து, பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி நிகழ்ந்துவிடுகிறது.

இம்முறிவின் காரணத்தை அறிய, அதே யந்திரம் காரில் இருந்தபோது எவ்வாறு வாழ்ந்தது என்பதை முதலில் நோக்க வேண்டும். சமதளச் சாலையில் நிதானமாக ஓடும் கார் தன் யந்திரத்தின் முழுத்திறனில் நான்கில் ஒரு பங்கைக்கூடச் சாதாரணமாகச் செலவிடுவதில்லை; விமானமோ ஏறும்போது முழுத்திறனையும், ஏறி நிலைத்தபின் மணிக்கணக்கில் முக்கால் பங்கையும் கேட்கிறது. இவ்வேறுபாட்டைக் கட்டுவோர் அனைவரும் அறிவர். அவர்களுள் பலர் எண்ணிப்பாராதது விசை செல்லும் வழியையே. யந்திரத்தின் விசை ஒரே சீராகப் பெருகுவதன்று; உரலில் விழும் உலக்கைக் குத்தைப்போல அடியடியாக வருவது. நான்கு சிலிண்டர் உள்ள நான்கு வீச்சு யந்திரத்தில் ஒரு சுற்றுக்கு இரண்டு குத்துகள் வீதம், நிமிடத்துக்கு 3000 சுற்றில் வினாடிக்கு 100 குத்துகள் தண்டின்மேல் விழுகின்றன. காரில் கனத்த ஃபிளைவீலும், கிளட்ச் தகட்டில் பதித்த சுருள்வில்களும், நீண்டு நெகிழும் அச்சுகளும், ரப்பர் டயர்களும் அக்குத்துகளை ஏற்றுத் தணித்துவிடுகின்றன. விமானத்தில் அவை யாவும் பாரமெனக் கழற்றப்பட்டு, அவற்றுக்குப் பதிலாகப் புரொபெல்லர் என்னும் பெரிய சுழல்பொருள் தண்டின் மறுமுனையில் வந்து அமர்கிறது. இரு முனைகளிலும் பாரம் தாங்கிய தண்டு, தனக்கென ஓர் இயற்கையான முறுக்கதிர்வு வேகம் உடையதாகிறது. யந்திரத்தின் குத்துகள் அவ்வேகத்தோடு ஒத்துப்போகும் தருணத்தில், கணக்கிட்ட முறுக்கைப்போல் பன்மடங்கு முறுக்கு தண்டுக்குள் எழுகிறது. நூறு குதிரைத்திறனுக்குப் போதும் என்று தேர்ந்தெடுத்த தண்டு அத்திறனைத் தாங்காமல் முறிவதில்லை, அதைச் சூழ்ந்தெழும் அதிர்வைத் தாங்காமலே முறிகிறது என்பது இவ்வரலாறு முழுவதிலும் மீண்டும் மீண்டும் தென்படும் உண்மை.

இவ்வுண்மையைத் தொடக்கத்திலேயே அனுபவித்தவர்கள் ரைட் சகோதரர்கள். அவர்களுடைய தொழிலாளர் சார்லஸ் டெய்லர் செய்துகொடுத்த, ஏறக்குறைய 12 குதிரைத்திறன் கொண்ட நான்கு சிலிண்டர் யந்திரம், கார் யந்திரங்களின் மாதிரியில் அமைந்தது. அது 8 பல்லும் 23 பல்லும் உள்ள சக்கரங்களில் ஓடிய சங்கிலிகளைக்கொண்டு, யந்திரத்தைவிட மெதுவாகச் சுழலும் இரண்டு புரொபெல்லர்களை இயக்கியது. 1903 நவம்பர் 5-இல் கிட்டி ஹாக்கில் அதை ஓட்டிப் பார்த்தபோது, யந்திரம் சீரின்றித் துடித்ததால் குழல்வடிவான புரொபெல்லர் தண்டுகள் சேதமடைந்தன. டேட்டனுக்கு அனுப்பிக் கனமான புதிய குழல்தண்டுகளை வருவித்தனர். சங்கிலிச் சக்கரங்கள் ஓயாமல் தளர்ந்ததற்கு, சைக்கிள் டயர் ஒட்டும் பசையை மறைகளில் வார்த்து இறுக்கினர். அதன்பின்னும் நவம்பர் 28-இல் ஒரு தண்டில் விரிசல் காணப்படவே, ஆர்வில் தாமே டேட்டனுக்குச் சென்று, குழலை விடுத்துத் திண்ணிய வில்லெஃகில் தண்டுகள் செய்து டிசம்பர் 11-இல் திரும்பினார். ஆறு நாட்களுக்குப் பின் விமானம் பறந்தது. உலகின் முதல் விமானப் பயணம் சில வாரங்கள் தாமதித்ததற்குத் தண்டு முறிவே பெருங்காரணம் என்பதை அதைப் புகழ்ந்து எழுதுவோர் போதிய அளவு சொல்வதில்லை.

கார் யந்திரத்தை அப்படியே விமானத்தில் ஏற்றும் முறையைப் பலரும் பின்பற்றத்தக்கதாக்கியவர் மின்னசோட்டா மாநிலத்துச் செரி குரோவ் என்னும் சிற்றூரைச் சேர்ந்த பெர்னார்டு பீட்டன்போல். கார் யந்திரம் விமானத்துக்கு உதவாது என்று எழுதிய ஒரு பத்திரிகையாசிரியருக்கு, 1930-இல் தம் விமானங்களைப் பறக்கவிட்டே அவர் விடையளித்தார். அதன்பின் அதே ஆசிரியர் 'ஏர் கேம்பர்' விமானத்தின் வரைபடங்களைத் தம் இதழில் வெளியிட்டார். பீட்டன்போல் கையாண்ட ஃபோர்டு 'மாடல் ஏ' யந்திரம் 3.3 லிட்டர் கொள்ளளவிலிருந்து நிமிடத்துக்கு 2200 சுற்றில் 40 குதிரைத்திறன் மட்டுமே தருவது. இவ்வளவு மந்தமான யந்திரமாதலால் புரொபெல்லரைக் கிராங்க் தண்டின் நுனியிலேயே நேராகப் பூட்ட முடிந்தது. இடையில் சக்கரமும் இல்லை, பெல்ட்டும் இல்லை, ஆகவே அவை முறிவதும் இல்லை. எனினும் கிராங்க் தண்டுக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. மூன்றே பேரிங்குகளில் தங்கிய அத்தண்டு காரில் முறுக்கை மட்டும் சுமந்தது. விமானத்தில் புரொபெல்லரின் இழுவையையும், விமானம் மூக்கைத் தூக்கும்போதும் திரும்பும்போதும் சுழலும் புரொபெல்லர் தண்டை வளைக்க முயலும் விசையையும் கூடவே சுமந்தது. ஏர் கேம்பர்களில் முறிந்த கிராங்க் தண்டுகள் பல.

அதே முப்பதுகளில் நெப்ராஸ்காவின் லிங்கன் நகரத்தில் ஆரோ (Arrow) நிறுவனம் ஃபோர்டு வி-8 யந்திரத்தைப் பல்சக்கரத்தால் வேகம் குறைத்துச் சிறு விமானத்தில் விற்றது. இங்கிலாந்தில் சர் ஜான் கார்டன், 1172 கன சென்டிமீட்டர் கொண்ட ஃபோர்டு யந்திரத்தை விமானத்துக்கு மாற்றியமைத்தார். இரண்டாம் உலகப்போர் இம்முயற்சிகளை நிறுத்திவைத்தது.

போருக்குப் பின் வந்த ஃபோக்ஸ்வாகன், காற்றால் குளிர்வதும் சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருப்பதும் ஆகையால், விமான யந்திரத்தின் தம்பியாகவே பலருக்குத் தோன்றிற்று. பிரான்சின் 'டர்புலன்ட்' முதல் எழுபதுகளில் அமெரிக்காவின் கே.ஆர். விமானங்கள் வரை அதையே நம்பின. அதன் கிராங்க் தண்டில் கனமான முனை ஃபிளைவீல் பக்கம். மெலிந்த முனை விசிறி பெல்ட்டைச் சுழற்றும் கப்பியின் பக்கம். வேறு வசதிகளுக்காகப் பலர் புரொபெல்லரை அம்மெலிந்த முனையிலேயே பூட்டினர். கப்பி நழுவாதிருக்க வெட்டிய சிறு சாவிப் பள்ளத்தின் மூலையில் விரிசல் தொடங்கி, தண்டைச் சுற்றிப் படர்ந்து, ஒருநாள் புரொபெல்லர் தனியே பிரிந்தது. சூடேற்றிச் செருகிக் குளிரவைத்து இறுக்கும் புரொபெல்லர் குடமும், அதைத் தாங்கப் பெரிய பேரிங்கும் சேர்த்தபின் இக்குறை வெகுவாகக் குறைந்தது. புரொபெல்லரை ஃபிளைவீல் முனைக்கே மாற்றியோரும் உண்டு.

செவ்ரோலே கார்வெயரின் வரலாறு இன்னும் பாடம் நிறைந்தது. 1960 முதல் 1969 வரை செய்யப்பட்ட அக்காரின் ஆறு சிலிண்டர் யந்திரத்தைப் பீட்டன்போலே தம் விமானத்தில் ஏற்றிக் காட்டினார். அவருடைய மெதுவான விமானங்களில் அது நல்ல பெயர் பெற்றது. பின்னர் அதையே வேகமான கே.ஆர்.2 போன்ற விமானங்களில் பூட்டியபோது, 2000-ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் கிராங்க் தண்டுகள் முறியத் தொடங்கின. நான்கு பேரிங்குகளுள் புரொபெல்லரை அடுத்தது, யந்திரத்துக்கு வெளியே நீண்டு நின்ற சுமையின் வளைவை ஏற்க அமைந்ததன்று. இதற்குக் கட்டுவோர் கண்ட பரிகாரங்கள் இரண்டு: தண்டின் கழுத்துகளில் உள்ள வளைவுகளைச் சீராகத் தேய்த்து நைட்ரஜன் ஊட்டி மேற்பரப்பைக் கெட்டிப்படுத்துவது ஒன்று, புரொபெல்லருக்குப் பின்னால் ஐந்தாவதாக ஒரு பேரிங்கைப் பூட்டி வளைவு உள்ளே செல்லாமல் தடுப்பது மற்றொன்று. முதலாவது தண்டின் பொறுமையை வளர்க்கிறது, இரண்டாவது அதன் துன்பத்தையே குறைக்கிறது. ஆதலால் இரண்டாவதே மேலானதென்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம்.

எழுபதுகளுக்குப் பின் வந்த கார் யந்திரங்கள் சிறிய உடலில் அதிவேகமாகச் சுழன்று திறன் தருபவை. 1.7 மீட்டர் குறுக்களவுள்ள புரொபெல்லரை நிமிடத்துக்கு 5000 சுற்றில் சுழற்றினால் அதன் நுனி வினாடிக்கு 445 மீட்டர் வேகம் எய்தி, ஒலியின் வேகத்தை மிஞ்சிவிடும். அங்கே இரைச்சல் மிகும், இழுவையோ குறையும். ஆகவே வேகக் குறைப்பான் தவிர்க்கமுடியாததாயிற்று. கான்சஸ் மாநிலத்து விச்சிட்டாவில் டேவ் பிளான்டன் 3.8 லிட்டர் ஃபோர்டு வி-6 யந்திரத்தைப் பல்வைத்த பெல்ட்டோடு இணைத்தார். லிங்கன் நகரத்திலேயே ஃபிரெட் கெஷ்வெண்டர் ஃபோர்டு வி-8 யந்திரத்தை அகன்ற சங்கிலியோடு பூட்டினார். சுபாரு யந்திரங்களுக்குப் பல்சக்கரப் பெட்டிகள் வந்தன. மாஸ்டாவின் சுழல் யந்திரத்துக்குக் கார் ஆட்டோமேட்டிக் கியர்ப்பெட்டியின் கோள்சக்கரத் தொகுதியையே சிலர் எடுத்தாண்டனர். பிஸ்டன் இல்லாத யந்திரமாதலால் அதில் அதிர்வே இராதென எண்ணியோர் ஏமாந்தனர். இரு சுழலிகள் உள்ள மாஸ்டாவும் தண்டின் ஒரு சுற்றுக்கு இரண்டு குத்துகளைத் தருவதே.

குறைப்பான்களின் முறிவுகள் வகைவகையானவை. பெல்ட்டை இறுக்கும் இழுப்பு, கிராங்க் தண்டின் நுனியை ஒரே பக்கமாக ஓயாமல் வளைத்துப் பேரிங்கைத் தின்றுவிடும். மெதுவான ஓட்டத்தில் குத்துக்கும் குத்துக்கும் இடையே விசை திசைமாறுவதால், பல்சக்கரங்கள் ஒன்றையொன்று முன்னும் பின்னும் அறைந்து பற்களில் குழிவிழும். முழுவேகத்தில் அமைதியாக ஓடும் பெட்டி, தரையில் நின்றுகொண்டிருக்கையிலேயே பெருஞ்சேதம் அடைவதுண்டு. வரிப்பல் இணைப்புகளில் நுண்ணிய உரசலால் செந்தூள் கொட்டும். அதைக் கண்டு அசட்டை செய்தவர் பலர். வேகக் குறைப்பு விகிதம் சரியாக இரண்டுக்கு ஒன்று என அமையுமானால் எப்போதும் அதே பற்களே குத்தை வாங்கும். ஆஸ்திரிய ரோட்டாக்ஸ் யந்திரத்தின் கியர்ப்பெட்டியில் விகிதம் 2.27 அல்லது 2.43 என இருப்பதும், வில்லழுத்தத்தால் அதிர்ச்சி தாங்கும் இணைப்பு அதனுள் இருப்பதும், பொருத்தத்தக்க புரொபெல்லரின் சடத்துவத்துக்கு மேலெல்லை விதிக்கப்பட்டிருப்பதும் இவற்றையெல்லாம் முன்கூட்டியே எண்ணிச் செய்தவை. கொட்டகையில் கட்டுவோரோ குறைப்பானை ஒருவரிடமும் புரொபெல்லரை வேறொருவரிடமும் வாங்கி, அவ்விரண்டும் சேர்ந்த அதிர்வு வேகத்தை ஒருவரும் அளக்காமலே பறந்தனர். இத்துறையில் நேர்ந்த தவறுகளுள் இதையே தலையாயதெனச் சொல்ல வேண்டும்.

இத்தொல்லை ஏழைக் கட்டுநர்களுக்கு மட்டும் உரியதன்று. மெர்சிடிஸ் கார் டீசல் யந்திரத்தைத் தழுவிச் சான்றிதழோடு விற்கப்பட்ட தீலர்ட் 1.7 யந்திரத்திலும், கிளட்ச் கொண்ட கியர்ப்பெட்டியை 300 மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றிச் சோதிக்க நேர்ந்தது.

தற்காலக் கட்டுநர்கள் கொள்ளும் வழிகள் இரண்டு. தண்டையும் இணைப்பையும் மிக விறைப்பாக அமைத்து ஒத்ததிர்வை ஓட்ட வேகத்துக்கு மேலே தள்ளுவது ஒன்று. ரப்பர் இணைப்பால் மிக மென்மையாக்கி அதை மெதுவோட்டத்துக்கும் கீழே இறக்கி, யந்திரம் ஓடத் தொடங்கும் கணத்தில் விரைவாகக் கடந்துவிடுவது மற்றொன்று. ரப்பர் முதுமையடையும், வெப்பத்தால் கெடும், ஆகவே காலந்தோறும் அதை மாற்றவேண்டும். விறைப்பான அமைப்பு பாரமாகும். இவை இரண்டுமின்றி இடைப்பட்டதாக அமைவதே ஆபத்தானது. கணக்கிடாமல் செய்வது பெரும்பாலும் அந்த இடைநிலையில்தான் வந்து விழுகிறது.

அமெரிக்க விதிகளின்படி, சான்று பெற்ற யந்திரமும் புரொபெல்லரும் இணைந்த வீட்டுக்கட்டு விமானத்துக்கு 25 மணி நேரமும், மற்றவற்றுக்கு 40 மணி நேரமும் பரீட்சைப் பறத்தல் வழக்கமாக விதிக்கப்படுகிறது. வினாடிக்கு 100 குத்துகள் வீதம் 40 மணி நேரத்தில் தண்டு வாங்கும் குத்துகள் ஏறக்குறைய 1 கோடியே 44 லட்சம். எஃகின் சோர்வெல்லையைக் கணிக்க ஆய்வுக்கூடங்கள் வழக்கமாகக் கொள்ளும் 1 கோடிச் சுழற்சிகளை இது மிஞ்சுவதால், பயணவேகத்தில் அளவுமீறிய அழுத்தம் இருக்குமானால் அது இக்காலத்துக்குள்ளேயே வெளிப்பட்டுவிடக் கூடும். ஆனால் எந்த வேகத்தில் ஒத்ததிர்வு ஒளிந்திருக்கிறதோ அந்த வேகத்தில் ஓட்டிப்பாராத பரீட்சை, எத்தனை மணி நேரம் நீண்டாலும், அதைக் காட்டாது.