முப்பது அடியில் அரை நாள்: ஜோசப் நிப்பின் மணியடிக்கும் மேசைக் கடிகாரம்

மணியடிக்கும் கடிகாரத்தில் ஊசல் ஆட ஆகும் விசை சொற்பம்; மணி அடிப்பதுதான் பெருஞ்செலவு. ஒன்று முதல் பன்னிரண்டு வரை நாளுக்கு இருமுறை அடித்தால் 156 அடி. எட்டு நாள் ஓட்டத்துக்கு 1,248. ஒவ்வோர் அடிக்கும் சுத்தியல் ஒருமுறை எழுந்து விழ வேண்டும். எடைக்கல் தொங்கும் நெடுங்கடிகாரமானால் கல்லின் கனத்தைக் கூட்டிவிடலாம். மேசைக் கடிகாரத்துக்கோ பித்தளை உருளைக்குள் அடைபட்ட சுருள்வில்தான் கதி. சாவி கொடுத்த புதிதில் முறுக்கேறி நிற்கும் அந்த வில் நாளாக ஆகத் தளரும். கூம்பு வடிவ உருளையில் நரம்போ சங்கிலியோ சுற்றி அந்த ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்டினார்கள்.

1670 வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டை விட்டு லண்டனுக்கு வந்த ஜோசப் நிப் (1640–1711) செலவையே குறைத்தார். ‘ரோமன் அடி’ எனப்படும் அவருடைய முறையில் இரண்டு மணிகள்: சிறியது ஒன்றுக்கு, பெரியது ஐந்துக்கு; பத்து என்றால் பெரியதில் இரண்டு அடி. ஒன்பது மணிக்குச் சிறியது ஒருமுறை ஒலித்ததும் பெரியது இருமுறை ஒலிக்கும். பன்னிரண்டுக்கு நான்கே அடி. அரை நாளுக்கு 78 அடி விழவேண்டிய இடத்தில் 30 போதும். அக்காலக் கடிகார முகங்களில் நான்கைக் குறிக்க நான்கு கோடு போடுவதே வழக்கம். ரோமன் அடிக் கடிகாரத்தின் முகத்தில் மட்டும் ஒன்றும் ஐந்தும் அடுத்தடுத்து நிற்கும். காது கேட்பதைக் கண்ணும் படிக்க வேண்டுமல்லவா? கருங்காலிப் பெட்டியைத் திறக்காமலே உள்ளிருக்கும் பொறியை ஊகிக்க இந்த ஓர் எண் போதும்.

இதை வெறும் விநோதமாகக் கருதுவது தவறு என்பேன். அதே லண்டனில் தாமஸ் டாம்பியன் 1690 அளவில் மூன்றாம் வில்லியம் மன்னருக்குச் செய்த மேசைக் கடிகாரம் (இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது) ஒருமுறை சாவி கொடுத்தால் ஓராண்டுக்கு மேல் ஓடும். ஓராண்டில் 56,940 முறை முழுக்கணக்காக அடிக்கும். அதன் வெள்ளி அலங்காரத்தைவிட இந்த எண்ணே எனக்கு வியப்பு. ஆனால் அது அரசன் பணத்தில் பிறந்த விடை. நிப்பின் விடை, கூட்டல் கணக்கில் பிறந்தது.

ஆனாலும் அது நிலைக்கவில்லை. காது பழகாத விருந்தாளிக்கு மூன்று அடி மூன்று மணியாகத்தான் கேட்டிருக்கும் என்பது ஒரு காரணமாகலாம். பொறியிலேயே இன்னொரு காரணம் இருக்கிறது என்பது என் கருத்து. 1676-இல் எட்வர்ட் பார்லோ வகுத்த பற்சட்ட முறை, இருட்டில் கயிற்றை இழுத்தால் கடந்த மணியைத் திரும்ப அடிக்க வழிசெய்தது. படுக்கையறை மேசைக் கடிகாரத்துக்கு அதைவிட வேண்டியது எது? அம்முறையில் அடிகளின் எண்ணிக்கையை நிர்ணயிப்பது நத்தை வடிவத் தகடு. அதன் பன்னிரண்டு படிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சீராக இறங்கும். நான்குக்கு இரண்டு, ஐந்துக்கு ஒன்று, எட்டுக்கு நான்கு என்று ஏறி இறங்கி, இடையில் சுத்தியலையும் மாற்றிக்கொள்ளும் ரோமன் அடி அந்தப் படிகளில் எளிதில் பொருந்தாது.