அனுமதி இல்லாத மைக்கும் அடைத்துக்கொண்ட மைக்கும்

பேசுவது எதிர்முனைக்குக் கேட்கவில்லை என்றால் "மைக் போச்சு" என்றுதான் சொல்கிறோம். அந்த ஒரே குறைக்குப் பின்னால் இரண்டு வேறு பழுதுகள் இருக்கலாம். மென்பொருள் மைக்கைத் தடுத்திருக்கும். இல்லையென்றால் மைக் துளையைத் தூசி அடைத்திருக்கும். எது என்று பார்க்காமல் ஊசியைக் கையில் எடுப்பதால் நல்ல மைக்கும் பாழாகிறது.

மென்பொருள் பழுது பெரும்பாலும் ஆப்புக்கு ஆப் மாறும். சாதாரண அழைப்பில் குரல் நன்றாகக் கேட்கும், வாட்ஸப் வாய்ஸ் நோட் மட்டும் பதிவாகாது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல் ஒவ்வொரு ஆப்பும் மைக்குக்குத் தனியே அனுமதி கேட்கிறது. அவசரத்தில் மறுத்துவிட்டு மறந்துபோனால், செட்டிங்ஸுக்குள் போய்த்தான் திறக்க வேண்டும். 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 எல்லா ஆப்புக்கும் மைக்கை ஒரே தட்டில் நிறுத்தும் பட்டனையும் தந்தது. பைக்குள் கிடக்கும் ப்ளூடூத் இயர்பட்ஸ் போனோடு இணைந்திருந்து, குரலை அதன் மைக் எடுக்கப் பார்த்தாலும் இதே குழப்பம்தான்.

துளைப் பழுதுக்கு ஆப் பேதம் கிடையாது. எந்த மைக் என்பதுதான் கணக்கு. இன்றைய போன்களில் பெரும்பாலும் இரண்டு மைக்காவது உண்டு. ஒன்று கீழ் விளிம்பில், சார்ஜர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில். மற்றொன்று மேல் விளிம்பிலோ கேமரா அருகிலோ. காதில் வைத்துப் பேசும்போது கீழ் மைக் குரலை எடுக்கும். மேல் மைக் சுற்றுச் சத்தத்தைப் பிரித்துக் கழிக்க உதவும். கீழ்த்துளை அடைத்திருந்தால் ரெக்கார்டரில் பதிந்த குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கும். அதே குரல் கேமரா வீடியோவில் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். ஸ்பீக்கரில் போட்டால் மட்டும் சரியாகக் கேட்கிறது என்றாலும் பல போன்களில் அர்த்தம் இதுதான். பொருந்தாத கவர் மேல் துளையை மறைத்தாலும் குரல் கெடும் என்பதால், முதலில் கவரைக் கழற்றிப் பாருங்கள்.

டார்ச் அடித்துப் பார்த்தால் துளை வாயில் சட்டைப்பைப் பஞ்சும் வியர்வையில் இறுகிய அழுக்கும் தெரியும். காய்ந்த, மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். ஊசி வேண்டவே வேண்டாம். உள்ளே இருப்பது தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய சிலிக்கன் படலம். சிம் தட்டின் துளை என்று நினைத்து மைக் துளையில் பின்னைக் குத்துகிறவர்களும் உண்டு.

அனுமதிப் பழுதுக்குப் பணம் கொடுத்து மைக் மாற்றுவது வீண். தூசிப் பழுதுக்கு ஃபேக்டரி ரீசெட் செய்வது அதைவிடக் கொடுமை: மைக் அப்படியே இருக்கும், பேக்கப் எடுக்காத குழந்தைப் படங்கள் போய்விடும். விலை குறைந்த பல ஆண்ட்ராய்டு போன்களில் கீழ் மைக்கும் சார்ஜிங் முனையும் ஒரே சின்ன போர்டில் இருக்கின்றன. சார்ஜும் தடுமாறி, குரலும் மங்கினால் அந்த போர்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சர்வீஸ் கடையில் போனைத் திறக்கும் முன், ரெக்கார்டர் பதிவையும் வீடியோவையும் அவர்களிடம் போட்டுக் காட்டுங்கள்.