இந்து ரோட்டிலிருந்து இஸ்தானாவுக்கு

லிட்டில் இந்தியாவில் இந்து ரோடு என்று ஒரு சிறிய தெரு உண்டு. நம்மில் பலர் நாள்தோறும் அதைக் கடந்து போகிறோம். சிங்கப்பூரின் எட்டாவது அதிபர் திருவாட்டி ஹலிமா யாக்கோப் சிறு வயதில் வாழ்ந்த தெரு அது.

1954 ஆகஸ்ட் 23ஆம் தேதி குவீன் ஸ்திரீட்டில் அவர் பிறந்தார். தந்தை இந்திய முஸ்லிம். காவலாளி வேலை பார்த்தவர். தாயார் மைமூன் அப்துல்லா மலாய்க்காரர். ஐந்து பிள்ளைகளில் ஹலிமா கடைசி. அவருக்கு எட்டு வயதானபோது தந்தை வஃபாத்தானார். தாயார் தள்ளுவண்டியில் நாசி பாடாங் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். பள்ளிக்குப் போகுமுன்பும் வந்தபின்பும் ஹலிமா கடை வேலை பார்த்தார். பள்ளிக்கு வராத நாட்கள் மிகுந்து, நீக்கப்படும் நிலைகூட வந்தது. அதைத் தாண்டிப் படித்துப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயிலச் சேர்ந்தார். அப்போது அவருக்குக் கைகொடுத்தது முயிஸ் தந்த 1,000 வெள்ளி உதவித்தொகை.

1978இல் பட்டம் பெற்றதும் அவர் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸில் சட்ட அதிகாரியாகச் சேர்ந்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் தொழிலாளர்களுக்காகவே உழைத்தார். 2010இல் ஜெனிவாவில், அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் வீட்டுப் பணியாளர் உரிமை பற்றி விவாதித்தபோது, தொழிலாளர் தரப்பின் சார்பில் பேசியவர் அவரே. அதற்கான 189ஆம் ஒப்பந்தம் மறு ஆண்டு நிறைவேறியது. காவலாளியின் மகள், சோறு விற்றவரின் மகள், வீட்டு வேலை செய்பவர்களுக்காகப் பேசினார்.

2001இல் ஜூரோங் குழுத்தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்திற்குத் தேர்வானார். நாடு விடுதலை பெற்றபின் அந்த அவைக்கு வந்த முதல் மலாய்ப் பெண் அவர். 2011இல் சமுதாய மேம்பாடு, இளையர், விளையாட்டு அமைச்சில் துணை அமைச்சரானார். 2013 ஜனவரியில் நாடாளுமன்ற நாயகரானார்; அப்பதவிக்கு வந்த முதல் பெண்ணும் அவரே. 2017 செப்டம்பர் 14ஆம் தேதி நாட்டின் முதல் பெண் அதிபராகப் பதவியேற்றார்.

மலாய் சமூகத்திற்கு ஒதுக்கப்பட்ட அந்த அதிபர் தேர்தலில் அவர் போட்டியின்றித் தேர்வானது பலருக்கு மனக்குறை. தந்தை இந்திய முஸ்லிமாயிற்றே, இவர் மலாய்க்காரரா என்ற கேள்வியும் எழுந்தது. தம்மை மலாய் சமூகத்தவராகக் கருதி, அச்சமூகமும் ஏற்றுக்கொண்டவரை மலாய்க்காரராகச் சட்டம் கொள்கிறது. நம் குடும்பங்களில் மலாய்ப் பாட்டிமார் எத்தனை பேர்! தமிழும் மலாயும் ஒரே வீட்டில் பேசிய பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. திருவாட்டி ஹலிமாவின் கணவரோ அரபு வம்சாவளியினர். இந்நாட்டு முஸ்லிம்களின் மூன்று வேர்களும் அந்த ஒரு குடும்பத்தில் சேர்ந்திருக்கின்றன. 'அவர் நம்மவரா, அவர்களவரா' என்று பங்கு பிரிப்பதைவிட, அவர் எப்படி மேலே வந்தார் என்று பார்ப்பதே நமக்குப் பயன்.

முஸ்லிம் பெண் ஆட்சிப் பொறுப்பு ஏற்பது இங்கு மட்டும் நடந்ததல்ல. அரபு நாடுகளில் முதல் பெண் அமைச்சர் ஈராக்கின் நஸீஹா அல்-துலைமி. மருத்துவரான அவர் 1959இல் நகராட்சித் துறை அமைச்சரானார். இலங்கையில் 2000இல் கணவர் எம்.எச்.எம். அஷ்ரஃப் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தபின், பேரியல் அஷ்ரஃப் அரசியலுக்கு வந்து அமைச்சரானார். ஊர் வேறு, சூழல் வேறு. ஆனால் பொறுப்பு வந்தபோது இவர்கள் பின்வாங்கவில்லை.

நம்மைப் போன்ற சங்கங்கள் ஆண்டுதோறும் கல்வி உதவித்தொகை கொடுக்கின்றன. மேடையில் உறையை நீட்டிப் படம் எடுத்துக்கொள்கிறோம். தந்தை இருந்தால் விண்ணப்பத்தோடு வருவார். தந்தை இல்லாத வீட்டில் தாய் வேலைக்குப் போயிருப்பார். மகள் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பிள்ளை மேடைக்கு வரமாட்டாள்; நாம்தான் அவள் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். 1,000 வெள்ளி ஒரு கடையின் கணக்கில் பெரிய தொகையல்ல. அது என்ன செய்யும் என்பதை இந்து ரோட்டுச் சிறுமி காட்டிவிட்டார்.

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் நம் சங்கம் அத்தகைய பிள்ளைகளைத் தேடிப் போக அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.