கலிபோர்னியாவின் நகர்ப்புற நீர் மேலாண்மைத் திட்டமிடல் சட்டம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் குடிநீர் வழங்கும் பெரிய உள்ளூர் அமைப்புகள், தங்களிடம் உள்ள நீர், மக்களின் தேவை, சிக்கன வழிகள் ஆகியவற்றை எழுத்தில் வகுத்து மாநில அரசிடம் அளிக்க வேண்டும் எனக் கட்டாயமாக்கும் சட்டம் இது. 1983ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன் பின் வந்த ஒவ்வொரு பெரிய வறட்சியும் இச்சட்டத்தில் புதிய பிரிவுகளைச் சேர்த்தது. காகிதத்தில் திட்டம் கேட்ட சட்டம், நாற்பது ஆண்டுகளில் அளவு குறித்துக் கணக்குக் கேட்கும் சட்டமாக மாறியது.

பின்னணி

கலிபோர்னியாவில் மழையும் பனியும் பெரும்பாலும் வடபகுதியில் விழுகின்றன. மக்கள் பெரும்பான்மையாகத் தென்பகுதியில் வாழ்கின்றனர். சியரா நெவாடா மலைகளில் குளிர்காலத்தில் சேரும் பனி, கோடையில் உருகி ஆறுகளிலும் அணைகளிலும் நிறைகிறது. பனி பொய்த்தால் அடுத்த கோடை வறண்டுவிடும்.

1976, 1977 ஆகிய ஆண்டுகளில் கடும் வறட்சி ஏற்பட்டது. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கிலுள்ள மரின் மாவட்டத்தில் நீர்த்தேக்கங்கள் வற்றின. ரிச்மண்ட் – சான் ரஃபேல் பாலத்தின் மீது அவசரமாகக் குழாய் பதித்துத் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. தண்ணீர் தீர்ந்த பிறகு வழி தேடுவதைவிட முன்பே கணக்குப் பார்த்து வைப்பது நல்லது என்பதை இந்த வறட்சி உணர்த்தியது.

வடக்கிலிருந்து தெற்கே நீர் கொண்டுசெல்லப் பெரிய கால்வாய் ஒன்றை அமைக்கும் திட்டத்தை 1982 ஜூன் மாத வாக்கெடுப்பில் மக்கள் நிராகரித்தனர். அடுத்த ஆண்டே திட்டமிடல் சட்டம் நிறைவேறியது.

சட்டம் கூறுவது

3,000க்கு மேற்பட்ட குடிநீர் இணைப்புகளுக்கு நீர் வழங்கும் அமைப்புகளும், ஆண்டுக்கு 3,000 ஏக்கர்-அடிக்கு மேல் நீர் வழங்கும் அமைப்புகளும் இச்சட்டத்துக்கு உட்பட்டவை. ஒரு ஏக்கர்-அடி என்பது ஒரு ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரம் நிற்கும் நீர், ஏறக்குறைய 12.3 லட்சம் லிட்டர். மாநகராட்சி, தனி நீர் மாவட்டம், தனியார் நிறுவனம் என எந்த அமைப்பாக இருந்தாலும் விதி ஒன்றே.

ஒவ்வோர் அமைப்பும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை திட்டத்தைப் புதுப்பிக்க வேண்டும். குறைந்தது 20 ஆண்டுகளுக்கான நீர்வரத்தையும் தேவையையும் அதில் ஒப்பிட வேண்டும். வழக்கமான ஆண்டு, ஒரு வறண்ட ஆண்டு, தொடர்ந்து பல வறண்ட ஆண்டுகள் என மூன்று நிலைகளுக்கும் தனித்தனியே கணக்கு காட்ட வேண்டும். பொதுமக்கள் கருத்தைக் கேட்ட பின்னரே திட்டத்தை ஏற்க முடியும். திட்டம் அளிக்காத அமைப்புக்கு மாநில அரசின் நீர்த்துறை மானியங்களும் கடன்களும் கிடைப்பதில்லை.

வறட்சிகள் சேர்த்த பிரிவுகள்

1987 முதல் 1992 வரை நீடித்த வறட்சியின்போது, நீர்வரத்து பாதியாகக் குறைந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதி வைக்க வேண்டும் என்ற விதி வந்தது. இதுவே பற்றாக்குறைக் காலத் திட்டம் எனப்படுகிறது.

2001இல் வந்த சட்டங்கள் வீட்டுமனை வளர்ச்சியையும் தண்ணீரையும் இணைத்தன. 500 வீடுகளுக்கு மேல் கட்டுவதற்கு அனுமதி வேண்டுமானால், அவற்றுக்கு 20 ஆண்டுகளுக்குப் போதிய நீர் உண்டா என்பதை நீர் வழங்கும் அமைப்பு ஆராய்ந்து சொல்ல வேண்டும்.

சாக்ரமென்டோ போன்ற நகரங்களில் அப்போது பல வீடுகளுக்கு மீட்டரே இருக்கவில்லை. எவ்வளவு செலவழித்தாலும் மாதக் கட்டணம் ஒன்றாகவே இருந்தது. எல்லா இணைப்புகளுக்கும் 2025க்குள் மீட்டர் பொருத்த வேண்டும் என 2004ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. அளக்காத நீரைச் சிக்கனப்படுத்த இயலாது என்பதே இதன் அடிப்படை. 2009ஆம் ஆண்டுச் சட்டமோ, நகர்ப்புறங்களில் தலைக்கு ஆகும் நீர்ச்செலவை 2020க்குள் 20 விழுக்காடு குறைக்க இலக்கு வைத்தது.

2015ஆம் ஆண்டு ஆணை

2015 ஏப்ரல் 1 அன்று ஆளுநர் ஜெர்ரி பிரவுன், வழக்கமாகப் பல அடி பனி நிற்கும் சியரா நெவாடா மலைப்புல்வெளி ஒன்றில், பனியே இல்லாத தரையில் நின்று ஓர் ஆணையை அறிவித்தார். மாநில நகர்ப்புற நீர்ச்செலவு 25 விழுக்காடு குறைய வேண்டும் என்பது அந்த ஆணை. ஒவ்வோர் அமைப்புக்கும் அதன் முந்தைய செலவைப் பொறுத்து 4 முதல் 36 விழுக்காடு வரை குறைப்பு விதிக்கப்பட்டது. மக்கள் ஒத்துழைத்தனர். 2015 ஜூன் முதல் 2016 மே வரை ஏறக்குறைய 24.5 விழுக்காடு நீர் மிச்சமானது.

ஆனால் இந்த ஆணை சிக்கல்களையும் எழுப்பியது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்குப் பெரும் பணம் செலவிட்டிருந்த சான் டியாகோ பகுதியும் குறைப்பை ஏற்க வேண்டியிருந்தது. முன்கூட்டித் திட்டமிட்டவருக்கு என்ன பலன் என்ற கேள்வி எழுந்தது. விற்பனை குறைந்ததால் வருவாய் இழந்த பல அமைப்புகள் கட்டணத்தை உயர்த்தின. சிக்கனமாக இருந்த மக்களே கூடுதல் தொகை செலுத்த நேர்ந்தது. மக்கள் பயன்படுத்தும் நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு வேளாண்மைக்குச் செல்லும்போது, இந்தக் குறைப்பு நகரங்களுக்கு மட்டுமே விதிக்கப்பட்டது ஏன் என்ற விவாதமும் நடந்தது.

2016இல் அரசு முறையை மாற்றியது. வறட்சி மேலும் மூன்று ஆண்டுகள் நீடித்தாலும் தாங்கும் அளவுக்கு நீர் உண்டு என்று கணக்குடன் சான்றளித்த அமைப்புகளுக்குக் கட்டாயக் குறைப்பிலிருந்து விலக்கு கிடைத்தது. 2018ஆம் ஆண்டுச் சட்டங்கள் இந்த அனுபவத்தைச் சட்டமாக்கின. தொடர்ந்து ஐந்து வறண்ட ஆண்டுகள் வந்தால் ஏற்படும் இடரை ஒவ்வோர் அமைப்பும் கணிக்க வேண்டும். பற்றாக்குறையை ஆறு நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய நடவடிக்கையை முன்பே முடிவுசெய்ய வேண்டும். வீட்டுக்குள் தலைக்கு நாளொன்றுக்கு 55 கேலன், அதாவது சுமார் 208 லிட்டர் என்ற அளவுகோலும் வந்தது. 2022இல் திருத்தப்பட்டு, இது 2025 முதல் 47 கேலனாகவும் 2030 முதல் 42 கேலனாகவும் குறைக்கப்பட்டது. இந்த அளவு தனித்தனி வீடுகளுக்கு உரியது அன்று. அமைப்பின் மொத்தச் செலவைக் கணக்கிடவே பயன்படுகிறது.

விடுபட்டவர்கள்

3,000 இணைப்புகள் என்ற எல்லை, சிற்றூர்களைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தியது. 2014இல் துலாரே மாவட்டத்தின் கிழக்கு போர்ட்டர்வில் என்ற ஊரில் நூற்றுக்கணக்கான வீட்டுக் கிணறுகள் வற்றின. பண்ணைத் தொழிலாளர்கள் பலர் வாழும் ஊர் அது. பொதுக் குழாய் இணைப்பு இல்லாத அந்த வீடுகளுக்காகத் திட்டம் எழுதி வைக்க எந்த அமைப்பும் இல்லை. மக்கள் புட்டித் தண்ணீரையும் வாசலில் வைத்த தொட்டிகளையும் நம்பி வாழ்ந்தனர். 2016 முதல் அவ்வீடுகள் அருகிலுள்ள போர்ட்டர்வில் நகரக் குழாய்களுடன் இணைக்கப்பட்டன.

2021இல் இயற்றப்பட்ட சட்டம் இந்தக் குறையை நிரப்ப முயன்றது. சிறிய நீர் வழங்கும் அமைப்புகளும் வறட்சிக்குத் தயாராக வேண்டும் என்றும், மிகச் சிறிய அமைப்புகளுக்கும் தனி வீட்டுக் கிணறுகளுக்கும் மாவட்ட நிர்வாகமே திட்டம் வகுக்க வேண்டும் என்றும் அது கூறியது. தண்ணீர் முதலில் தீர்ந்த வீடுகளுக்குத் திட்டமிடும் கடமை, முதல் சட்டம் வந்து 38 ஆண்டுகளுக்குப் பிறகே ஓர் அலுவலகத்தின் பொறுப்பாயிற்று.