சொன்னது யாரு?

நம் கல்லூரி வரலாற்று வகுப்பில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்த கேள்வி, "சொன்னது யாரு?" என்பதுதான். அதைக் கேட்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வளைகுடாப் போரை நான் அடிக்கடி உதாரணம் காட்டுவதுண்டு.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தது. அக்டோபர் 10 அன்று வாஷிங்டனில், காங்கிரஸ் உறுப்பினர்கள் நடத்திய மனித உரிமைக் கூட்டத்தில் 15 வயதுப் பெண் ஒருத்தி அழுதபடி சாட்சி சொன்னாள். ஈராக் சிப்பாய்கள் ஆஸ்பத்திரி இன்குபேட்டரிலிருந்து குழந்தைகளை எடுத்து, வெறும் தரையில் சாகப் போட்டார்களாம். பெயர் நயீரா, முழுப்பெயர் சொன்னால் குடும்பத்துக்கு ஆபத்தாம்! டி.வி. காட்டியது. அதிபர் புஷ் மேடைக்கு மேடை சொன்னார். செனட்டர்கள் சிலரும் எடுத்துச் சொன்னார்கள். 1991 ஜனவரி 12-ல் செனட் 52-க்கு 47 என்ற கணக்கில் போருக்குச் சம்மதித்தது.

1992 ஜனவரியில்தான் குட்டு வெளிப்பட்டது. அவள் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள்! சாட்சியத்துக்கு ஏற்பாடு செய்தது ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம். பணம் பெரும்பாலும் குவைத் அரசுடையது. இன்குபேட்டர் கதைக்கோ ஆதாரம் கிடைக்கவில்லை.

குவைத்தில் கொடுமை நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நிஜமாகவே நடந்தது. ஆனா, ஒரு கட்டுக்கதை அந்த நிஜத்தையும் சந்தேகப்பட வெச்சிடுச்சே, அதுதான் பெரிய நஷ்டம்.

இன்று கதை செல்போனில் வருகிறது. தம்பி தங்கைகளே, கண்ணீர் வரவழைக்கும் செய்தி வந்தால், அடுத்தவருக்கு அனுப்பும் முன் கேளுங்கள்: சொன்னது யாரு? நேரில் பார்த்தாரா? செலவு யாருடையது?