வாத்தியார் வராத நாள்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பஞ்சாங்கத்தில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அடுத்தபடியாக இன்னொரு பண்டிகை உண்டு. அது எந்தத் தேதியில் வரும் என்று எந்த ஜோசியராலும் கணித்துச் சொல்ல முடியாது. காலையில் ஒரு பையன் மூச்சிரைக்க ஓடி வந்து, "இன்றைக்கு வாத்தியார் வரவில்லையாம்!" என்று சொல்லும்போதுதான் அது பிறக்கும். அந்தப் பண்டிகையை நானும் ஆனந்தமாகக் கொண்டாடியவன்தான். ஆனால் ஒரு முறை, வராத வாத்தியாருக்குப் பதிலாகப் போய் நிற்கும் பாக்கியமும் எனக்குக் கிடைத்தது. அந்தக் கதையில் கொஞ்சத்தைச் சொல்லிவிட்டுச் சரித்திரத்துக்கு வருகிறேன்.

1974-ஆம் வருஷம். பி.ஏ. முடித்துவிட்டு, கதை எழுதப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வீட்டுத் திண்ணையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் அப்பாவைப் பார்க்க வந்தார். ஏழாம் வகுப்புத் தமிழ் வாத்தியார் சைக்கிளிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டாராம். இரண்டு மாதத்துக்கு லீவு வேகன்ஸி. பயிற்சி பெற்ற ஆள் யாரும் அகப்படவில்லை.

"தம்பி சும்மாதானே இருக்கிறான், நாளைக்கு அனுப்பி வையுங்கள்" என்றார். அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் முதல் மணியிலேயே நான் ஒரு பாவம் செய்தேன். புத்தகத்தைப் பிரித்து, மூன்றாவது பெஞ்சில் கோடியில் இருந்த பையனைக் காட்டி, "நீ எழுந்து படி" என்றேன். அவன் எழுந்தான். முதல் எழுத்திலேயே நின்றான். விளையாடுகிறான் என்று நினைத்து, "உரக்கப் படி!" என்று அதட்டினேன். மறுபடியும் அதே எழுத்து. வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் லேசாகச் சிரித்துவிட்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். பையன் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அந்த மணி முடியும்வரை புத்தகம் இறங்கவில்லை.

மணி அடித்த பிறகு, சாக்குக்கட்டி தேடி மேஜை டிராயரை இழுத்தேன். உள்ளே இரண்டு நோட்டுகள் இருந்தன. ஒன்று, வாரா வாரம் ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போட்ட பாடக் குறிப்பு நோட்டு. இன்னொன்று, பழுப்புக் காகித அட்டை போட்ட சிறிய நோட்டு. அதன் மேல் 'நான் வராத நாளுக்கு' என்று எழுதியிருந்தது.

பிரித்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் யார் எங்கே உட்காருவார்கள் என்று பெஞ்சு பெஞ்சாகப் படம். அடுத்த பக்கத்தில் பாடம் எதுவரை நடந்திருக்கிறது என்ற விவரம். பிறகு மூன்று நாளைக்கான வேலை. ஒவ்வொன்றும் புத்தகம் இல்லாமலேகூடச் செய்யக்கூடியது. எத்தனை நிமிஷம் பிடிக்கும் என்றும் குறித்திருந்தது. சீக்கிரம் முடித்துவிடும் பிள்ளைகளுக்கு விடுகதைகள். சாக்குக்கட்டி எங்கே, வருகைப் பதிவேடு எங்கே, சந்தேகம் வந்தால் எந்தப் பையனைக் கேட்கலாம் என்ற தகவல். கடைசிப் பக்கத்தில் சில பிள்ளைகளைப் பற்றி ஒவ்வொரு வரி. அதில் ஒரு வரி இதுதான்: 'மூன்றாம் பெஞ்சுக் கோடிப் பையனுக்குத் திக்குவாய். தனியாக எழுப்பிப் படிக்கச் சொல்ல வேண்டாம். எல்லோருடனும் சேர்ந்து படித்தால் திக்காது.'

ஒரு மணி நேரம் தாமதமாக அந்த வரியைப் படித்தேன்.

அன்று முதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. பாடம் என்பது வாத்தியாரோடு வந்து வாத்தியாரோடு போவதா? அல்லது, அவர் இல்லாதபோதும் நடக்கும்படி எடுத்து வைத்துவிட்டுப் போகக்கூடிய பொருளா? பிற்காலத்தில் பழைய புத்தகங்களைப் புரட்டியபோது, இந்தக் கேள்விக்கு நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடமே ஒரு விடை வைத்திருந்தது தெரிந்தது. அந்த விடை கடல் கடந்து போய்ப் பெயர் வாங்கியதும், பிறகு பெயரைக் கெடுத்துக்கொண்டதும் சுவாரஸ்யமான கதை.

1623-ஆம் வருஷம் பியத்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலிய யாத்ரிகர் கன்னட தேசத்தில் இக்கேரிக்குப் பிரயாணம் செய்துகொண்டிருந்தார். வழியில் ஒரு கோயில் முகப்பில் நாலு சிறுவர்கள் தரையில் மணலைப் பரப்பி, கணக்குப் பாடத்தை ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதுவதைப் பார்த்தார். பக்கத்தில் உபாத்தியாயர் யாரும் இல்லை. மணல் நிறைந்து போனால் கையால் அழித்துவிட்டு மேலே எழுதினார்கள். அவருக்கு ஆச்சரியம். தப்பு வந்தால் யார் திருத்துவார்கள் என்று விசாரித்தார். நாலு பேரும் ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் மறந்துபோக முடியாதே, ஒருவன் தவறினால் மற்றவன் திருத்துவான் என்று பையன்கள் விளக்கினார்கள். அந்தப் பதில் சரிதான் என்று அவரும் எழுதி வைத்தார்.

நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் இதே ஏற்பாடுதான். அங்கே உபாத்தியாயர் ஒருவரே. அவருக்கும் கல்யாணம், காரியம், காய்ச்சல் எல்லாம் உண்டு. அதற்காகப் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவதில்லை. சட்டாம்பிள்ளை என்று ஒரு பெரிய பையன் இருப்பான். அவன் முன்னால் நின்று சொல்லுவான், மற்றவர்கள் பின்னால் சேர்ந்து சொல்லுவார்கள். மணலில் எழுதுகிறவனை ஓலையில் எழுதுகிறவன் கவனித்துக்கொள்வான். எண்சுவடி படிப்பவனிடம் அரிச்சுவடிப் பையன் பாடம் ஒப்பிப்பான். ஓலை, எழுத்தாணி, மணல் இவற்றைத் தவிர வேறு சாமான் கிடையாது. பாடம் பிள்ளைகளின் குரலில் இருந்தது. சட்டாம்பிள்ளையின் பிரம்பு சில சமயம் உபாத்தியாயரின் பிரம்பைவிட உற்சாகமாக வேலை செய்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இப்படி எத்தனை பள்ளிக்கூடங்கள் இருந்தன என்று சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் ஜில்லா ஜில்லாவாகக் கணக்குக் கேட்டார். 1826-ல் அவர் தொகுத்து எழுதியபோது, ராஜதானி முழுவதும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தார்கள். பெல்லாரி கலெக்டராக இருந்த காம்ப்பெல் 1823-ல் அனுப்பிய அறிக்கையில் நம் பள்ளிகளின் குறைகளை நிறையவே சொன்னார். ஆனால் பெரிய பிள்ளைகள் சிறியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறை மெச்சத்தக்கது என்றும், இங்கிலாந்து அதைப் பார்த்துச் செய்தது பொருத்தமே என்றும் எழுதினார்.

இங்கிலாந்து எப்படிப் பார்த்துச் செய்தது? அதற்கு நாம் எழும்பூருக்குப் போக வேண்டும்.

இன்று எழும்பூர் ரயில் நிலையம் நிற்கும் பகுதியில் பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு சிறு கோட்டை இருந்தது. அதில் ராணுவ சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்காகக் கம்பெனியார் ஒரு விடுதிப் பள்ளியை நடத்தினார்கள். 1789-ல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் அதன் மேற்பார்வையை ஏற்றார். சம்பளம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அவருக்கு வாய்த்த உதவி உபாத்தியாயர்களோ அவருடைய பொறுமையைப் பரீட்சை செய்வதற்கென்றே பிறந்தவர்கள். எழுத்துக்கூட்டவே பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் ஆயிற்று.

ஒரு நாள் காலையில் குதிரைச் சவாரி போனபோது, வழியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பெல் பார்த்தார். தமிழர்களை அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் 'மலபாரிகள்' என்று சொல்வது வழக்கம். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெல்லுக்குப் புதையல் அகப்பட்டது போல் ஆகிவிட்டது. திரும்பி வந்ததும், கீழ் வகுப்புக்கு இனி மணலில்தான் எழுத்துச் சொல்லித் தர வேண்டும் என்று உத்தரவு போட்டார். அந்த வகுப்பு உபாத்தியாயர் அது நடக்காத காரியம் என்று கையை விரித்துவிட்டார்.

பெல் விவாதம் செய்யவில்லை. ஜான் பிரிஸ்கன் என்ற சிப்பாயின் மகனைக் கூப்பிட்டார். பையனுக்கு வயது எட்டு. "நீ சொல்லிக் கொடு" என்று வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவரால் முடியாதது சிறுவனால் முடிந்தது. பிறகு ஒவ்வொரு வகுப்பாகப் பிள்ளைகளின் கைக்கே வந்து சேர்ந்தது. மாற்று உபாத்தியாயர் சரித்திரத்தில் எட்டு வயசுப் பிரிஸ்கனுக்கு ஒரு தனி ஆசனம் போட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

எட்டு வயசுப் பிள்ளை பாடம் நடத்த வேண்டுமானால், பாடம் அவன் கைக்கு அடங்கும்படி இருக்க வேண்டும். ஆகவே பெல் பாடத்தைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கினார். ஒன்று முழுக்க வந்த பிறகே அடுத்தது. எந்த வகுப்பு இன்று எங்கே ஆரம்பித்தது, எங்கே முடித்தது என்று தினமும் பதிவேட்டில் குறிக்கச் செய்தார். புதிதாக ஒருவர் உள்ளே வந்து பதிவேட்டைப் பார்த்தால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். என் டிராயரில் கிடந்த பழுப்பு நோட்டின் இரண்டாம் பக்கத்துக்கு இந்தப் பதிவேடு பாட்டனார் முறை.

1796-ல் பெல் ஊர் திரும்பினார். மறுவருஷமே தம்முடைய சென்னைப் பரிசோதனையைப் பற்றி லண்டனில் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞர் லண்டனில் இதைப் போன்ற முறையில் பள்ளி நடத்தி, ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒரே உபாத்தியாயர் போதும் என்று முழங்கினார். முறையைக் கண்டுபிடித்தது யார் என்று இரு கட்சியாருக்கும் பெரிய சண்டை. மணலில் எழுதிக்கொண்டிருந்த நம் பிள்ளைகள் அந்தச் சண்டையில் சேரவில்லை. அவர்களை யாரும் கேட்கவும் இல்லை. 1811-ல் தேசிய சங்கம் தொடங்கி, 'மதராஸ் முறை' என்ற பெயரில் நாடெங்கும் பள்ளிகள் வைத்தது. 1832-ல் பெல் இறந்தார். அவர் விட்டுச் சென்ற பணத்தில், அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 1833-ல் ஒரு பள்ளி திறந்தார்கள். அதன் பெயர் 'மதராஸ் காலேஜ்'. இன்றும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறது.

ஆனால் முறை அவ்வளவு காலம் நிலைக்கவில்லை. காரணம் எளிது. சட்டாம்பிள்ளைக்குத் தான் படித்த துண்டு மட்டுமே தெரியும். கீழே உட்கார்ந்திருக்கும் பையன், "ஏன்?" என்று கேட்டால் அவன் விழிப்பான். ஆயிரம் பேரில் ஒருவன் மனசில் என்ன இருக்கிறது என்று பார்க்கவும் அவனுக்கு வயசு போதாது. திண்ணையில் முப்பது பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிந்து, ஒரே தெருவில் விளையாடி வளர்ந்தபோது உயிரோடு இருந்த முறை, நூற்றுக்கணக்கானவர்களை வரிசையில் நிறுத்தியபோது யந்திரம் ஆகிவிட்டது. 1846-ல் இங்கிலாந்து அரசாங்கம் பதின்மூன்று வயசுக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஐந்து வருஷம் பழக்கி உபாத்தியாயர் ஆக்கும் திட்டத்துக்கு மாறியது. சென்னையிலும் 1856-ல் அரசாங்கம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது.

பிறகு ஜெர்மனியிலிருந்து ஒரு காற்று அடித்தது. ஹெர்பார்ட் என்ற தத்துவ அறிஞர் 1841-ல் மறைந்த பிறகு, அவருடைய சிஷ்யர்கள் ஒரு பாடத்தை ஐந்து படிகளாக வகுத்தார்கள்: ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடுதல், பொதுமைப்படுத்தல், பயன்படுத்தல். பயிற்சிக் கல்லூரிகள் இதை வேதவாக்காக ஏற்றன. அந்தப் பரம்பரையில் வந்ததுதான் என் டிராயரில் கிடந்த முதல் நோட்டு, ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போட்டது. அதைக் குறை சொல்லமாட்டேன். முறையாக, அழகான கையெழுத்தில், ஐந்து படியும் இருந்தன. 'ஆயத்தம்: மாணவரின் முன்னறிவைச் சோதித்தல்' என்று எழுதியிருந்தது. நானும் அதைத்தான் செய்தேன். எந்த மாணவன் என்பதுதான் அந்த நோட்டில் இல்லை.

பழுப்பு நோட்டில் அது இருந்தது. சட்டாம்பிள்ளை இருந்தான், பெல்லின் பதிவேடு இருந்தது, நறுக்கி வைத்த பாடம் இருந்தது. அவற்றோடு, இரண்டு நூற்றாண்டுக் கல்விச் சண்டையில் எல்லோரும் தவறவிட்ட கடைசிப் பக்கமும் இருந்தது.

மறுநாள் வகுப்பில் யாரையும் தனியாக எழுப்பவில்லை. ஒரு வரியை நான் படித்தேன். எல்லோரும் சேர்ந்து திருப்பிச் சொன்னார்கள். மூன்றாம் பெஞ்சுப் பையன் முதலில் வாயைத் திறக்கவில்லை. நாலாவது வரியில் உதடு அசைந்தது. பத்தாவது வரியில் அவன் குரலைப் பிரித்துக் கேட்க முடிந்தது. நல்ல கணீரென்ற குரல். ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை. கோயில் முகப்பில் ஒருவன் தவறினால் மற்ற மூவர் தூக்கிவிட்டார்களே, அதே காரியத்தை இங்கே முப்பத்தைந்து பேர் செய்தார்கள். ஆனால் என்னை நிமிர்ந்து பார்க்க அவனுக்கு மூன்று வாரம் ஆயிற்று.

இரண்டு மாதம் கழித்து வாத்தியார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். முதல் மணியில் நடந்ததையும், நான் சிரித்ததையும் ஒளிக்காமல் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் நோட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு டிராயரைப் பார்த்தார்.

"தப்பு என்னுடையது தம்பி" என்றார். "இதை உள்ளே வைத்திருக்கக் கூடாது. மேஜைமேல் வைத்திருக்க வேண்டும்."

அப்புறம் பேனாவை எடுத்து, கடைசிப் பக்கத்தைக் கிழித்து, முதல் பக்கத்துக்கு முன்னால் ஒட்டினார்.